ஆற்றங்கரைக்குக் கல் கட்டிய வரலாறு

ஆற்றங்கரை பெரும்பாலும் மேலிருந்து கரைவதில்லை, அடியில் அறுபடுகிறது. வளைவில் திரும்பும் வெள்ளம் வெளிக்கரையின் காலடியில் சுழித்து மணலைத் தோண்டிக்கொண்டு போகிறது. மேலே தென்னையும் வேலியும் அசையாமல் நிற்கும். கீழே தாங்க ஒன்றும் இருக்காது. வெள்ளம் வடியும் நாளில், நீர் குடித்துக் கனத்த கரை பாளம் பாளமாகப் பிளந்து ஆற்றில் விழும். ஆகவே கரைக்குக் கல் போடுவதில் முதல் கேள்வி, அடிக்காலை எப்படிக் காப்பது என்பதுதான். சரிவை மூடுவது அதற்குப் பிறகு.

ஏரிக்கு இந்தக் கவலை குறைவு. தமிழ்நாட்டு ஏரிக்கரைகளின் உட்சரிவில் பாவிய கல்லை அலைகல் என்பார்கள். காற்று எழுப்பும் அலையைத் தாங்கினால் அதன் வேலை முடிந்தது. ஆற்றின் வலிமை வேறு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகிவிடும். கோடையில் கூழாங்கல்லைக்கூட நகர்த்தாத ஆறு, வெள்ளத்தில் பாறையைப் புரட்டுவது இதனால்தான்.

காவிரியில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பழைய விடை கல்லணை. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இதை அணை என்று மட்டும் பார்ப்பது போதாது. காவிரி இடப்பக்கம் உடைத்துக்கொண்டு, தாழ்வாக ஓடும் கொள்ளிடத்தில் விழத் துடிக்கும் இடத்தில் அது நிற்கிறது. பாதி அணை, பாதி கரை. ஏறத்தாழ 1,080 அடி நீளத்துக்கு வளைந்து கிடக்கும் அந்தக் கற்குவியலுக்கு அடியில் பாறை இல்லை, ஆற்று மணல்தான். பெருங்கற்களை மணலில் போட்டார்கள். அவை அமிழ்ந்தன. அமிழ்ந்தவற்றின் மேல் இன்னும் போட்டார்கள். இனி அமிழாது என்ற நிலை வந்தபின் மேற்கட்டு எழுந்தது.

காவிரிப் பாசனத்தைக் கவனித்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இதைக் கூர்ந்து பார்த்தார். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் இடும் வித்தையை இந்த மண்ணின் பழைய கட்டுநர்களிடமே கற்றதாகப் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் 1836-இல் அவர் எழுப்பிய மேலணை, எதிர்பாராத பாடத்தையும் தந்தது: கொள்ளிடத்துக்குப் போன நீர் காவிரிக்குத் திரும்பியதும் காவிரியின் படுகையே அரிக்கத் தொடங்கியது. 1840-களில் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட நேர்ந்தது.

அமிழும் கல்லைக் கணக்குக்குள் கொண்டுவந்தது ரயில்வே. பஞ்சாபின் ஆறுகள் பாலத்தை விட்டுவிட்டு வேறு வழியில் ஓடிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜே. ஆர். பெல் என்ற பொறியாளர், ஆற்றைப் பாலத்துக்குள் நடத்திவர இருபுறமும் கல் போர்த்திய கரைகளை அமைத்தார். 1903-இல் பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த முறையை விரிவாக எழுதி வைத்தார்.

அந்த முறையின் உயிர், கரையின் அடியில் கிடக்கும் கல் விரிப்பு. நீர் வற்றிய காலத்தில் படுகையின் மேல் கற்களைத் தளர்வாகப் பரப்பிவிடுவார்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் கூடாது. வெள்ளம் விரிப்பின் முனைக்குக் கீழே தோண்டும்போது முனைக்கல் குழிக்குள் சரியும். அடுத்தது அதைத் தொடரும். இப்படிச் சரிந்தவை, இரண்டுக்கு ஒன்று என்ற சாய்வில், தோண்டப்பட்ட மண்ணின் மேல் தாமே போர்வையாகப் படியும். அரிப்பு எவ்வளவு ஆழம் போகுமோ, அதைப்போல் ஒன்றரை மடங்கு அகலத்துக்கு விரிப்பு வேண்டும் என்பது கணக்கு. கலவை பூசி இறுக்கிய தளம் அப்படி வளையாது. அடியில் பொந்து விழுவது வெளியே தெரியாமலே திடீரென உடைந்துவிடும்.

வங்கதேசத்தின் பத்மா ஆற்றில் 1915-இல் திறக்கப்பட்ட ஹார்டிஞ்ச் பாலத்துக்கும் இத்தகைய கரைகள்தான் காவல். அங்கேயே 1933 வெள்ளத்தில் வலக்கரை உடைப்பெடுத்தது. ஆகவே கொட்டிய கல்லை ஆண்டுதோறும் பார்த்து, குறைந்த இடத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு பலவீனம் கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில். கல் இடுக்கு வழியே நீர் உள்ளும் புறமும் போய்வரும்போது பின்னாலுள்ள நுண்மணல் உறிஞ்சப்படும். கல் இருந்தபடியே இருக்க, கரை உள்ளே வெறுமையாகும். இதற்காகக் கல்லுக்கு அடியில் சரளைப் படுக்கை இடும் வழக்கம் வந்தது. இப்போது வடிதுணியும் விரிக்கிறார்கள். பெருங்கல் கிடைக்காத ஊர்களில் சிறுகல்லைக் கம்பி வலைக்கூட்டில் அடைத்து அடுக்குகிறார்கள். இத்தாலியின் ரேனோ ஆற்றில் 1890-களில் பரவிய முறை இது. சீனாவின் மின் ஆற்றில் மூங்கில் கூடைகள் அதே வேலையைப் பல நூற்றாண்டுகளாகச் செய்தன.

2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் கொள்ளிடத்தில் அடித்துச் செல்லப்பட்டன. உடைந்த வாயை அடைக்க அப்போது இறக்கப்பட்டவை மணல் மூட்டைகளும் பாறாங்கற்களும். முதலில் கொட்டியவை நீருக்குள் மறைந்தன. மேலும் மேலும் கொட்டக் கொட்டத்தான் தடுப்பு நீர்மட்டத்துக்கு மேல் தலைகாட்டியது.