வாவியின் ஒலியும் பொறியின் ஓசையும்

மட்டக்களப்பு வாவியின் 'பாடும் மீன்' பற்றிப் பேசுவோர், பாடுவது மீனா, ஊரியா என்ற வினாவையே முதன்மைப்படுத்துவர். அவ்வொலியைக் கேட்பதற்கு மனிதர் எத்தகைய சூழலை நாடினர் என்பதும் வரலாற்று மாணவர் நோக்கற்பாலதே. உறக்கத்திற்காகப் பொறிகளால் ஓசை உண்டாக்கப்படும் இக்காலத்தில் இவ்வினா புதிய பொருள் பெறுகின்றது.

குடியேற்றநாட்டுச் செயலாளராகவிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்பிற்கு வந்தார். 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் அவர் தரும் விவரங்கள் தெளிவானவை. நிலவொளியில் தோணியேறிச் சென்றபோது, நீரடியிலிருந்து தனித்தனியான மெல்லொலிகள் பல எழுந்தன. தோணியின் விளிம்பிற் காதை வைத்தபோது அவை மேலும் தெளிவாயின. ஊரிகளே அவ்வாறு ஒலிக்கின்றன என்பது மீனவர் கூற்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) இவ்வாவியின் இசையை நீரரமகளிர் பாடலாகக் கற்பனை செய்தார். 1950களில் புனித மிக்கேல் கல்லூரியைச் சார்ந்த அமெரிக்க இயேசு சபைத் துறவியான லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்தார். செயலாளர், மீனவர், புலவர், துறவி ஆகிய இவர்கள் யாவரும் அவ்வொலியை நாடிச் சென்று செவிகொடுத்தவர்கள் ஆவர்.

மேனாட்டிலோ இதற்கு மாறானதொரு பழக்கம் தோன்றியது. 1962இல் அமெரிக்கராகிய ஜிம் பக்வோல்டர், சிறு விசிறியின் சீரான இரைச்சலைத் தரும் துயிற்பொறியொன்றை ஆக்கினார். 1969இல் ஏர்வ் டைபெல், கடலலையின் ஒலிப்பதிவைக் கணினியின் துணைகொண்டு திருத்தி இசைத்தட்டாக வெளியிட்டார். இன்று கைத்தொலைபேசியே 'வெள்ளை இரைச்சல்' தருகின்றது. எல்லா அதிர்வெண்களும் சமவலுவுடன் கலந்த ஒலிக்கு, எல்லா நிறங்களும் கலந்த வெள்ளொளியை ஒப்புமையாகக் கொண்டு இப்பெயர் இடப்பட்டது. உறங்குவோனை எழுப்புவது பெரும்பாலும் ஒலியின் திடீர் மாற்றமே. இடையறாத இரைச்சல் அம்மாற்றத்தை மறைக்கின்றது. ஆயினும் 38 ஆய்வுகளை ஒப்புநோக்கி 2021இல் வெளிவந்த மீளாய்வொன்று, இவ்வோசை உறக்கத்தை மேம்படுத்துகின்றது என்பதற்கான சான்றுகள் மிக வலுவற்றவை எனக் கண்டது.

ஆகவே இவ்விரு பழக்கங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை எனலாம். வாவியின் ஒலி, பிற ஓசைகள் அடங்கினாலன்றிக் கேளாது. பொறியின் ஓசையோ, பிற ஓசைகள் கேளாதிருப்பதற்கென்றே எழுப்பப்படுவது. முன்னையது செவியைக் கூர்மையாக்குகின்றது. பின்னையது அதற்கு ஓய்வளிக்க முயல்கின்றது.

வாவிக்கரை மக்களுக்கு இவ்வேறுபாடு வெறும் தத்துவமன்று. 2009இல் முடிவுற்ற போரின் ஆண்டுகளில், இரவில் வாவியிற் சென்று செவிமடுப்பது எளிய செயலாக இருக்கவில்லை. 1924இன் கல்லடிப் பாலத்தருகே 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. பாலம் தேவையே, வாகனங்களின் வருகையும் தவிர்க்கவியலாததே. எனினும், ஒலிப்பதிவிலே பேணப்படுவது ஒலி மட்டுமே. அது கேட்கும் அமைதி ஒலிநாடாவில் அடங்குவதில்லை. இரைச்சலை மறைக்க மேலும் ஓர் இரைச்சலை விலைக்கு வாங்கும் தலைமுறை, வாவியின் இரவமைதியையும் காக்கவேண்டிய மரபுச் செல்வமாகக் கருதுதல் வேண்டும். அவ்வமைதி அழியின், பாடுவது மீனா, ஊரியா என்ற வினாவிற்கு விடை காண்பதற்கும் வழியிராது.