சங்கும் யானையும்

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையில் வந்து இறங்கும் தமிழர் பலருக்கு மலையாள எழுத்து எளிதில் வசப்படுவதில்லை. ஆயினும், எதிரே நிற்பது அரசுப் பேருந்துதானா என்று அறிய அவர்களுக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. வண்டியின் மேல் தீட்டப்பட்ட இரு யானைகளே அதனை உணர்த்திவிடுகின்றன. ஒரு நிறுவனத்தின் அடையாளம் மக்கள் மனத்தில் எவ்வாறு வேரூன்றுகிறது என்பதற்கு அந்த யானைகளின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

அவ்வரலாறு கோட்டைக்குள் விளங்கும் பத்மநாபசுவாமி திருக்கோயிலை ஒட்டியது. 1750-ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைப் பத்மநாபருக்கே அர்ப்பணித்து, அவருடைய தாசராக நின்று ஆளத் தலைப்பட்டார். திருமாலின் கைச் சங்கே திருவிதாங்கூர் அரசின் சின்னமாகத் திகழ்ந்தது. அரசு இலச்சினையில் அச்சங்கின் இருமருங்கும் யானைகள் காவல் நின்றன.

அச்சின்னம் ஏறாத இடமில்லை. செப்புக் காசில் சங்கு இருந்தது. 1888-இல் 'அஞ்சல்' என்னும் திருவிதாங்கூர்த் தபால் துறை தன் முதல் தலைகளை வெளியிட்டபோது, ஒரு சக்கரம், இரண்டு சக்கரம், நான்கு சக்கரம் என மதிப்புக்கேற்ப நிறம் வேறுபட்டது. நடுவிலிருந்த சங்கு வேறுபடவில்லை. பின்னாளில் மன்னர் உருவம் பொறித்த தலைகள் வந்தபோதும், தாளினுள் நீர்க்குறியாகச் சங்கு மறைந்திருந்தது. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதில் அன்றே ஒரு தெளிவு இருந்ததை இதனால் அறிகிறோம்.

1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மன்னர் காலத்தில் அரசுப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. லண்டன் நகரப் போக்குவரத்தில் பயின்ற ஈ. ஜி. சால்ட்டர் அதனை நடத்தினார். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956-இல் கேரளம் பிறந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. மன்னராட்சி மறைந்தும் சங்கும் யானைகளும் மறையவில்லை. அசோகச் சிங்கத் தூணுடன் கூடிக் கேரள அரசின் இலச்சினையாயின. 1965-இல் போக்குவரத்துத் துறை தனிக் கழகமாயிற்று. யானை பொறித்த வண்டியை மக்கள் 'ஆனவண்டி' என்றே செல்லமாக அழைக்கலாயினர்.

இக்கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கமான 'கே.எஸ்.ஆர்.டி.சி.' என்பது கர்நாடகக் கழகத்துக்கும் உரியது. அவ்வெழுத்துகள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. 2023 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் கேரளத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. எழுத்துகள் இருவருக்கும் பொதுவாயின. ஆனால் 'ஆனவண்டி' என்றால் எவ்வண்டி என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

வெளிமாநிலங்களில் கடையும் தொழிலும் நடத்தும் நம்மவர் இதனைச் சிந்தித்தல் நன்று. பெயர்ப்பலகையின் மொழியை ஊருக்கேற்ப மாற்றலாம். நிறத்தைக் காலத்துக்கேற்ப மாற்றலாம். ஆனால், எழுத்தறியாத வாடிக்கையாளரும் கண்டவுடன் 'இது அவர்கள் கடை' என்று சொல்லத்தக்க ஒரு குறியைத் தேர்ந்து, அதனை மட்டும் தலைமுறை தோறும் விடாது காத்தல் வேண்டும்.