கயிறு இழுத்தவன்

எங்கள் பீர்க்கன்கரணைக்குக் கிழக்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தாண்டிப் போனால் பக்கிங்ஹாம் கால்வாய் வரும். காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை சுமார் 796 கிலோமீட்டர் நீளம். இன்று சென்னைக்குள் அது சாக்கடை. ஒரு காலத்தில் நெல்லும் உப்பும் விறகும் அதில்தான் வந்தன.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில், வயிற்றுக்கில்லாத ஜனங்கள் கூலிக்கு மண் வெட்டிக் கூவத்தையும் அடையாற்றையும் சுமார் 8 கிலோமீட்டரில் இணைத்தார்கள். கால்வாய்க்கு வைத்த பெயரோ கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவினுடையது!

1934-இல் பாரதிதாசன் தோழர்களுடன் இதில் தோணியேறி மாமல்லபுரம் புறப்பட்டார். உல்லாசப் பயணந்தான். ஆனால் கரையோரமாக நடந்து, தோணியைக் கயிற்றால் இழுத்த மனிதனைக் கண்டதும் அவருக்கு மனம் பொறுக்கவில்லை. ‘மாவலிபுரச் செலவு’ என்ற பாட்டில் அவனுக்கும் இடம் கொடுத்தார்.

வெட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. இழுத்தவனின் பெயரும் தெரியாது. ஆனாலும் அவன் பட்ட பாடு பாட்டில் நிற்கிறது. சரித்திரம் எழுதுகிறவர்கள் கவனிக்காததைக் கவிஞர் கவனித்தார் என்பதே எனக்கு ஆறுதல்.