எஞ்சின் ஆயிலில் கூலன்ட் கலத்தல்

எஞ்சின் ஆயிலில் கூலன்ட் கலத்தல் என்பது, சூட்டைத் தணிக்க எஞ்சினைச் சுற்றிவரும் நீர்க்கலவை ஆயில் ஓடும் வழிகளுக்குள் புகுந்துவிடும் கோளாறு. பழைய கார்களில் இது பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் பழுதால் நேர்கிறது. ஹெட்டிலோ பிளாக்கிலோ விழுந்த விரிசல், ஆயில் கூலர், சில எஞ்சின்களில் லைனர் சீல் ஆகியவையும் காரணமாகலாம். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளில் படலமாக நிற்காது. கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் சூட்டில் சிதைந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும்; ஆயில் கூழாகி ஃபில்டரும் அடைபடும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருப்பதும், அதன் அளவு தானாக ஏறுவதும், வெளியே ஒழுகாமலே கூலன்ட் குறைவதும் முக்கிய அடையாளங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணுரை படிந்திருந்தால் அவசரப்பட வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் குறுகிய தூரமே ஓடும் கார்களில், எஞ்சினுக்குள் உண்டாகும் நீராவியே குளிர்ந்து அப்படிப் படியும். டிப்ஸ்டிக் தெளிவாகவும் கூலன்ட் குறையாமலும் இருந்தால், ஒரு நீண்ட பயணத்தில் அது மறைந்துவிடும். இதைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றுவது வீண் செலவு.

சந்தேகம் இருந்தால் காரை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் ஆயில் தேங்கும் சம்ப்பின் ட்ரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்த வேண்டும். ஆயிலைவிடக் கனமான கூலன்ட் அடியில் தங்குவதால் அதுவே முதலில் சொட்டும். முழுவதும் குழம்பிப்போன ஆயில் இப்படிப் பிரியாது. அதன் ஒரு துளியைச் சூடான இரும்புத் தகட்டில் விட்டால் படபடவென வெடிக்கும்.

அடுத்தது பிரஷர் சோதனை. எஞ்சின் ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அழுத்தத்துக்குக் கைப்பம்பால் ரேடியேட்டருக்குள் காற்றேற்றிவிட்டு, பம்பின் அழுத்தமானி முள்ளைக் கவனிக்க வேண்டும். வெளியே ஈரம் இல்லாமல் முள் இறங்கினால் கசிவு உள்ளே இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி சிலிண்டர்களுக்குள்ளும் பார்க்க வேண்டும். ரேடியேட்டர் வாயில் வைக்கும் சோதனைக் குழாயிலுள்ள நீலத் திரவம் மஞ்சளானால், எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறது என்று பொருள். நிறம் மாறாவிட்டால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள், அது தவறு. நீர்வழிக்கும் ஆயில்வழிக்கும் இடையே மட்டும் கேஸ்கெட் விட்டிருந்தால் எரிந்த வாயு அங்கே வராது.

கசிவு எந்தப் பக்கம் போகும் என்பதை அழுத்தம் தீர்மானிக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் வழிகளில் அழுத்தம் கூடுதல் என்பதால் ஆயில் கூலன்டுக்குள் போகும். நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் விழுந்துவிட, சூடு ஆறாத கூலன்ட் ஆயிலுக்குள் புகும். எனவே ரேடியேட்டரில் ஆயில் மிதக்கிறதா என்றும் பார்ப்பது அவசியம்.

1980களின் இறுதியில் வந்த பிரிட்டனின் ரோவர் கே-சீரீஸ் எஞ்சின் ஹெட் கேஸ்கெட் பழுதுக்குப் பெயர்போனது. அதில் லைனர்களின் மேல்விளிம்பு பிளாக் மட்டத்தைவிடத் தாழ்ந்தால் கேஸ்கெட்டின் பிடி தளர்ந்துவிடும். அந்த உயரத்தை அளக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் பழுது திரும்பும். பின்னாளில் பல அடுக்கு எஃகு கேஸ்கெட் வந்தது.

கலப்பு உறுதியானால் எஞ்சினை மேற்கொண்டு ஓட்டக் கூடாது; ஒர்க்‌ஷாப்புக்கும் காரை இழுத்துத்தான் செல்ல வேண்டும். கலந்த ஆயிலோடு ஏற்கெனவே நெடுந்தூரம் ஓடியிருந்தால், ஹெட் வேலைக்குப் பணம் கட்டுவதற்கு முன் சம்ப்பை இறக்கி பேரிங்குகளைப் பார்த்துவிடுங்கள்.