கலண்டரில் உள்ள சிவப்பு நாட்கள் எங்கிருந்து வந்தன?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த வாரம் தரம் 9 வரலாற்றுப் பாடவேளையில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான். “சேர், வெசாக்குக்கு ரெண்டு நாள் லீவு. எங்கட பெருநாளுக்கு ஒரு நாள்தான். ஏன் சேர் அப்பிடி?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் இப்படியான கேள்விகளைத் தாங்களாக உண்டாக்குவதில்லை. வீட்டில், கடைவாசலில், பள்ளி முற்றத்தில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். “அவங்க கூட, நாங்க குறைய, அவ்வளவுதான்” என்று நான் முடித்திருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவன் மனதில் ஒரு முள்ளோடு வீட்டுக்குப் போயிருப்பான். ஆகவே அன்றைய பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தேன். அன்று பிள்ளைகளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வெசாக் லீவும் சும்மா வந்த லீவு அல்ல. அந்தக் கதை தொடங்கியதே நம்முடைய கொட்டாஞ்சேனையில்தான்.

பிரித்தானியர் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை லீவு, பெரிய வெள்ளி லீவு, நத்தார் லீவு. நாட்டின் பெரும்பான்மையானோர் பௌத்தர்கள். ஆனால் வெசாக் அன்று அரசாங்க அலுவலகம் திறந்திருக்கும். பௌத்த எழுதுவினைஞர் அன்று விகாரைக்குப் போகவேண்டுமென்றால் தனியாக அனுமதி கேட்கவேண்டும்.

1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமய விகாரையில் ஒரு புண்ணிய நிகழ்வு நடந்துகொண்டிருந்தது. 1873 இல் பாணந்துறை விவாதத்தில் கிறிஸ்தவப் போதகர்களோடு வாதிட்டுப் புகழ்பெற்ற மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரை அது. கொஞ்சத் தூரத்தில் புனித லூசியா பேராலயம். கத்தோலிக்கரின் மிகப் புனிதமான நாளில் மேளதாளத்தோடு பௌத்த ஊர்வலம் ஒன்று அந்தப் பக்கம் வந்தது. ஊர்வலத்தில் தங்கள் மதத்தை இழிவுபடுத்தும் உருவங்கள் வருகின்றன என்று ஒரு வதந்தி பரவியிருந்தது. ஊர்வலம் தாக்கப்பட்டது. உயிர் போனது, பலர் காயப்பட்டார்கள். விசாரணை நடந்தது, ஆனால் பௌத்தர்கள் எதிர்பார்த்த நீதி கிடைக்கவில்லை.

அந்த மனக்குறையிலிருந்துதான் அடுத்த கட்டம் வந்தது. அவர்கள் கல்லுக்குக் கல் எறியப் போகவில்லை. 1884 இல் ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். ஹென்றி ஸ்டீல் ஒல்கொட் என்ற அமெரிக்கரைத் தங்கள் பிரதிநிதியாக லண்டனுக்கு அனுப்பினார்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் சிலையாக நிற்கிறாரே, அவர்தான். நாங்கள் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டுப் போகிறோம், யாரென்று கேட்பதில்லை. குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சர் டேர்பி பிரபுவிடம் அவர் கொண்டுபோன கோரிக்கைகளில் ஒன்று, வெசாக்கை விடுமுறை நாளாக்க வேண்டும் என்பது. ஆளுநர் ஆர்தர் கோர்டன் காலத்தில், 1885 இல், அது நிறைவேறியது. அவ்வருடம் ஏப்ரல் 28, வெசாக் அன்று, பௌத்த கொடி முதன்முதலாகப் பகிரங்கமாக ஏற்றப்பட்டதும் அதே தீபதுத்தாராமயவில்தான். இன்று உலகம் முழுவதும் பறக்கும் கொடி அது.

பிள்ளைகளிடம் கேட்டேன்: “வெசாக் லீவு யாருடைய தயவு?” ஒருவன் சொன்னான், “கேட்டதால கிடைச்சது சேர்.” சரியான பதில். அதிகாரத்தில் இருப்பவர் நம்முடைய நாளையும் ஒரு நாளாகக் கணக்கில் எடுக்கவேண்டும் என்று ஒரு சமூகம் ஒழுங்காகக் கேட்டது, கிடைத்தது. லீவு என்பதை வெறும் ஓய்வாக நினைக்கக்கூடாது. “நீயும் இந்த நாட்டுக்காரன்” என்று அரசாங்கம் எழுத்தில் தரும் ஒப்புதல் அது.

ஆனால் ஒரு நாளை லீவாக்கினால் மட்டும் அண்டைவீட்டாரோடு சமாதானம் வந்துவிடாது. 30 வருடம் கழித்து, 1915 மே மாதம், அதே வெசாக் இரவில் கண்டியில் ஒரு பக்திப்பாடல் ஊர்வலம் பள்ளிவாசல் இருந்த தெருவுக்கு வந்தது. வணக்கஸ்தலத்துக்கு முன்னால் இசை கூடாது என்று நம்மவர்கள், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த கரையோரச் சோனகர்கள், நின்றார்கள். இது எங்கள் பாரம்பரிய உரிமை என்று அவர்கள் நின்றார்கள். கம்பளையில் சில வருடங்களாக நீதிமன்றத்தில் இழுபட்டுக்கொண்டிருந்த பிரச்சினையும் இதே வகையானதுதான். கண்டியில் தொடங்கிய கலவரம் கொழும்புவரை வந்தது. முஸ்லிம் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பிறகு ஆங்கிலேயர் இராணுவச் சட்டம் போட்டு, சிங்களவர் பலரைச் சுட்டும் சிறையிலடைத்தும் இன்னொரு அநியாயம் செய்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். 1883 இல் ஊர்வலம் போனவர்கள் அடிவாங்கினார்கள். 1915 இல் ஊர்வலம் வந்த தெருவில் இருந்தவர்கள் அடிவாங்கினார்கள். இரண்டு முறையும் ஒருவரின் பெருநாள் மற்றவருக்குப் பயமாகிப்போனது.

1915 இல் சிறைவைக்கப்பட்டவர்களில் டி. எஸ். சேனநாயக்கவும் ஒருவர். அவர்தான் 1948 பெப்ரவரி 4 இல் சுதந்திர இலங்கையின் முதல் பிரதமர். நம்முடைய தேசிய நாளைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு சங்கதி இதில் இருக்கிறது. சிங்கக்கொடியையே தேசியக் கொடியாக்க வேண்டும் என்று 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் ஒரு முஸ்லிம், மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை. பிறகு கொடியைத் தீர்மானிக்கப் பிரதமர் அமைத்த குழுவில் டி. பி. ஜாயாவும் இருந்தார். ஸாஹிராவின் அதிபராக இருந்தவர், நம்மைப்போல வகுப்பறையில் நின்றவர். முதல் சுதந்திர தினத்தில் பறந்தது பட்டைகள் இல்லாத சிங்கக்கொடி. முஸ்லிம்களுக்குப் பச்சை, தமிழருக்குச் செம்மஞ்சள் என்று இரண்டு பட்டைகள் சேர்க்கப்பட்டது 1951 இல். அந்த ஏற்பாடு போதாது என்று குழுவில் இருந்த செனட்டர் நடேசன் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மாற்றுக்கருத்தையும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவதில்லை. பெப்ரவரி 4 அன்று எல்லா வீட்டிலும் ஒரே மனநிலை இருப்பதில்லை என்பது வெள்ளவத்தையில் வாழும் எவருக்கும் தெரியும். அதை மறைத்துவிட்டு வரலாறு படிப்பிக்க முடியாது.

தேசிய நாளும் நிலையான ஒன்றல்ல. 1972 மே 22 இல் குடியரசானோம். சில வருடங்கள் அந்த நாளே தேசிய நாளாக இருந்தது. பிறகு பெப்ரவரி 4 திரும்பி வந்தது. மே தினம் பொது விடுமுறையானது 1956 இல், பண்டாரநாயக்க அரசாங்கத்தில். அதுவும் தொழிலாளர் பல வருடம் கேட்டுப் பெற்றதுதான்.

இனி, வகுப்பில் பிள்ளைகள் நம்பவே மறுத்த பகுதி. இந்த நாட்டில் ஐந்து வருடத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாக இருந்தது!

1965 இல் வந்த டட்லி சேனநாயக்க அரசாங்கம், 1966 ஜனவரி 1 முதல் வார விடுமுறையை ஞாயிறிலிருந்து போயாவுக்கு மாற்றியது. மாதத்தில் நான்கு போயா: அமாவாசை, பௌர்ணமி, இடையில் இரண்டு அரைநிலவு. போயாவுக்கு முதல்நாள் அரைநாள் வேலை. சந்திர மாதம் ஏறத்தாழ 29½ நாள். நான்காகப் பிரித்தால் ஏழு நாளுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆகவே ஒரு வாரம் ஏழு நாள், இன்னொரு வாரம் எட்டு நாள். இன்று திங்களா புதனா என்பதைவிட, போயாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்பதே பெரிய கேள்வி. லண்டனும் பம்பாயும் மூடியிருக்கும் ஞாயிறில் கொழும்பில் வங்கி திறந்திருக்கும். அங்கே மும்முரமாக வேலை நடக்கும் புதன்கிழமையில் இங்கே போயா. துறைமுகத்தையும் ஏற்றுமதியையும் நம்பிய நகரத்துக்கு இது எவ்வளவு தலையிடி என்று கணக்குப் பாருங்கள். கிறிஸ்தவர்கள் ஞாயிறு பூசையை முடித்துக்கொண்டு வேலைக்கு ஓடினார்கள்.

வேலைநாளின் நடுவில் வணக்கத்துக்கு நேரம் தேடுவது எப்படியென்று நமக்குத் தெரியும். நம்முடைய ஜும்ஆ என்றைக்கும் வேலைநாளில்தான். 1885 க்கு முன் பௌத்தருக்கு அது தெரிந்திருந்தது. 1966 இல் கிறிஸ்தவருக்கும் தெரிந்தது. ஒவ்வொரு சமூகமும் ஒருமுறையாவது அந்த ஓட்டம் ஓடியிருக்கிறது.

1971 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் சனி, ஞாயிறைத் திருப்பித் தந்தது. அவ்வருடத்து 29 ஆம் இலக்க விடுமுறைச் சட்டம்தான் இன்றைய கலண்டரின் அடிப்படை. நான்கு போயாவில் பௌர்ணமி மட்டும் லீவாக நின்றது. தைப்பொங்கல், மகா சிவராத்திரி, தீபாவளி, பெரிய வெள்ளி, நத்தார், மீலாத், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. இத்தனை மதத்தின் நாட்களையும் ஒன்றாக மதிக்கும் கலண்டர் உலகத்தில் அதிகம் இல்லை. அதற்காக அல்ஹம்துலில்லாஹ் சொல்லவேண்டும்.

ஆனால் கலண்டரைக் கிட்ட வைத்துப் பார்த்தால் ஒரு குறை தெரியும். ஒவ்வொரு லீவுக்குப் பக்கத்திலும் சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கும்: அரசாங்கம், வங்கி, வர்த்தகம். இந்த மூன்றாவதைத்தான் பிள்ளைகளை எண்ணச் சொன்னேன். கடை, அலுவலக ஊழியருக்கான 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது அது. எண்ணிப் பார்த்துவிட்டு வகுப்பு அமைதியானது. மீலாத் வர்த்தக விடுமுறை. ஆனால் இரண்டு பெருநாட்களும் அதில் இல்லை. தைப்பொங்கல் இருக்கிறது, தீபாவளி இல்லை. நத்தார் இருக்கிறது, பெரிய வெள்ளி இல்லை.

அதாவது, வெள்ளவத்தையில் காலி வீதியோரத் துணிக்கடையில் நிற்கும் ஒரு முஸ்லிம் பிள்ளை பெருநாள் தொழுகைக்குப் போக முதலாளியிடம் லீவு கேட்கவேண்டும். அதே கடையில் நிற்கும் தமிழ்ப் பிள்ளை தீபாவளிக்குக் கேட்கவேண்டும். கத்தோலிக்கப் பிள்ளை பெரிய வெள்ளிக்குக் கேட்கவேண்டும். முதலாளி நல்லவராக இருந்தால் கிடைக்கும். மாணவனைப் பார்த்துச் சொன்னேன்: “மகன், வெசாக்குக்கு ரெண்டு நாள் என்று பொறாமைப்படுறத விடு. கேட்கவேண்டிய கேள்வி இது. இத நீ தனியாக் கேட்கவும் தேவையில்ல. உன்னோட சேர்ந்து கேட்க இன்னும் ரெண்டு பேர் அதே கடையில நிற்கிறாங்க.”

கடைசியாக ஒன்று. எழுத மனம் வரவில்லை, எழுதாமல் விடவும் முடியவில்லை. 1883 இல் கொட்டாஞ்சேனையில் இரத்தம் சிந்தியது உயிர்த்த ஞாயிறில். 136 வருடம் கழித்து, 2019 ஏப்ரல் 21, அதுவும் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் நம் எல்லோருக்கும் நடந்துபோகும் தூரம். நம் பெயர்களை வைத்திருந்தவர்கள் செய்த கொலை அது. அன்று நாடு முழுவதும் 250 க்கும் மேற்பட்டோர் போனார்கள். அடுத்த மாதம், நோன்பு காலத்தில், குற்றமே செய்யாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் வேறு ஊர்களில் எரிந்தன. சில நாளில் வெசாக். அவ்வருடம் ஒரு சமூகத்துக்கும் பெருநாள் பெருநாளாக இருக்கவில்லை. அடுத்தவர் பயமில்லாமல் கொண்டாட முடியாத ஊரில் என் பெருநாளும் எனக்கு முழுசாகக் கிடைக்காது. என் மாணவர்கள் அந்த வருடம் சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு இதை நாங்கள் சொல்லாவிட்டால் வேறு யாராவது வேறு விதமாகச் சொல்லிக்கொடுப்பார்கள்.

பாடவேளை முடியமுன் ஒரு சின்னக் கணக்குக் கொடுத்தேன். கலண்டரில் பௌர்ணமிப் போயா விழும் நாட்களையும் நம்முடைய பிறைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். போயா எப்போதும் நம் மாதத்தின் நடுவில், 13, 14, 15 ஐ ஒட்டித்தான் வரும். அதாவது ஐயாமுல் பீழ் நாட்கள், நாங்கள் சுன்னத்தான நோன்பு பிடிக்கும் வெள்ளை நாட்கள். அவர்கள் சில் எடுத்து விகாரையில் இருக்கும்போது நம் வீட்டு உம்மாமாரில் பலர் நோன்போடு இருக்கிறார்கள். அவர்கள் நிலவைக் கணித்துக் கலண்டரில் அச்சடிக்கிறார்கள். நாங்கள் பிறையைக் கண்ணால் பார்த்து, பெரிய பள்ளிவாசல் அறிவிக்கும்வரை காத்திருக்கிறோம். அதனால்தான் நம்முடைய பெருநாள் சிலவேளை அச்சடித்த தேதிக்கு ஒரு நாள் முன்பின்னாகிறது.

வீட்டுவேலை: வேறு மதத்தைச் சேர்ந்த ஒரு பெரியவரிடம் போய், அவருடைய சின்ன வயதுப் பெருநாள் ஒன்றைக் கேட்டு எழுதி வரவேண்டும். கேள்வி கேட்ட மாணவன் மாடிவீட்டு அந்தோனி நாள் திருவிழாக்கார ஆன்ட்டியிடம் கேட்கப்போவதாகச் சொன்னான்.

இதை வாசிக்கும் மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1966 முதல் 1971 வரையிலான போயா வாரத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள், வேலை செய்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். அந்த நாட்களில் ஜும்ஆவுக்கு எப்படிப் போனீர்கள், ஞாயிறு எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட ஆசை. நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள்.