சீனி திடப்பொருளா? – திடத்தின் பொருளைத் தேடிய வரலாறு



ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நடந்த ஒரு நிகழ்வை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் சோதனை ஒன்று நடத்தினேன். கல், சமையல் எண்ணெய், சீனி, நீராவி முதலியவற்றைத் திடம், திரவம், வாயு என வகைப்படுத்த வேண்டும். ஒரு மாணவன் சீனியைத் திரவத்தின் கீழ் எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் பிழைக்குறி இட்டேன்.

தாளைப் பெற்றுக்கொண்டவன் என் மேசைக்கு வந்தான். “ஐயா, சீனியைக் குவளையில கொட்டுனா குவளை வடிவம்தானே வருது? தட்டுல கொட்டுனா பரவிடுது. வடிவம் மாறுனா திரவம்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை. “புத்தகத்தில் உள்ளபடி எழுது, போய் உட்கார்” என்றேன். அவன் போய் உட்கார்ந்தான். அந்த ஆண்டு முடியும்வரை அறிவியல் பாடத்தில் அவன் கையுயர்த்தி நான் பார்க்கவில்லை.

‘நிலையான வடிவமும் நிலையான கனவளவும் உடையது திடப்பொருள்’ என்று நாம் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். இந்த ஒரு வரிக்குப் பின்னால் பல நூற்றாண்டுத் தேடல் இருக்கிறது என்பதை அப்போது நான் அறியவில்லை. பிற்காலத்தில் தேடிப் படித்தபோது ஒன்று விளங்கியது. அந்த மாணவன் கேட்ட கேள்வியைத்தான் அறிஞர்களும் கேட்டு வந்திருக்கிறார்கள்.

சொல்லும் பொருளும்

‘திடம்’ என்னும் சொல் நமக்குப் பாடநூல் வழியாக மட்டும் வந்ததன்று. “மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்று வீட்டில் பெரியோர் சொல்வர். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ‘திண்மம்’ என்ற சொல்லும் வழங்குகிறது. அதன் வேரான திண்மைக்கும் உறுதி என்றே பொருள். அசையாமை, குலையாமை ஆகிய பண்புகளையே நம் முன்னோர் இச்சொற்களில் கண்டனர். ஆனால், ஒரு கல் ஏன் குலையாமல் இருக்கிறது?

இதற்கு நம் இலக்கியத்திலேயே ஒரு பழைய விடை உண்டு. மணிமேகலைக் காப்பியத்தின் 27-ஆம் காதையில் மணிமேகலை பல சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். அவர்களுள் ஆசீவகன், உலகம் அணுக்களால் ஆனது என்று விளக்குகிறான். அவ்வணுக்கள் நெருங்கிச் செறிந்தால் வயிரம் போல் வன்மை பெறும். இடைவெளி விட்டு நின்றால் மூங்கில் போல் உள்ளே துளைபடும் என்பது அவன் கருத்து. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியப் புலவர் லுக்ரீசியஸ், வன்மையான பொருள்களின் அணுக்கள் கொக்கிகள் போல் ஒன்றையொன்று பற்றியுள்ளன என்று எழுதினார். இரண்டுமே சிந்தனையால் எட்டிய விடைகள். சோதித்துப் பார்க்க அக்காலத்தில் வழியில்லை.

பனித்துகளும் பழக்கடையும்

1611-ஆம் ஆண்டு. பிராக் நகரில் அரசவைக் கணித அறிஞராக இருந்தவர் யோகான்னஸ் கெப்ளர். கோள்களின் பாதையைக் கணித்தவர் என்று நாம் அறிந்த அதே கெப்ளர்தான். தமக்கு ஆதரவளித்த நண்பர் ஒருவருக்குப் புத்தாண்டுப் பரிசாக அவர் ஒரு சிறு நூலை எழுதினார். பாலத்தைக் கடக்கும்போது தம் மேலங்கியில் விழுந்த பனித்துகள்களே அந்நூலின் பொருள். அவை ஏன் எப்போதும் ஆறு முனைகளோடு விழுகின்றன? ஏன் ஐந்தோ ஏழோ இல்லை?

விடை தேடிச் சென்றவர், மாதுளை விதைகள் பழத்துக்குள் நெருங்கியிருக்கும் விதத்தையும், உருண்டைகளை அடுக்கும் விதத்தையும் ஆராய்ந்தார். சீனப் புத்தாண்டுக் காலத்தில் நம் சந்தைகளில் ஆரஞ்சுப் பழங்களைக் கூம்பாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழ் வரிசையின் பள்ளங்களில் மேல் வரிசை அமரும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பழத்தையும் பன்னிரண்டு பழங்கள் தொட்டுக்கொண்டிருக்கும். இதைவிட நெருக்கமாக உருண்டைகளை அடுக்க இயலாது என்றார் கெப்ளர். பழக்கடைக்காரர் அன்றாடம் செய்யும் இச்செயலைக் கணித முறையில் மெய்ப்பிக்க உலகம் நெடுங்காலம் காத்திருந்தது. தாமஸ் ஹேல்ஸ் 1998-இல் மெய்ப்பித்தார். கணினி வழியாக அதன் ஒவ்வொரு படியும் சரிபார்க்கப்பட்டது 2014-இல்தான்.

பனித்துகளுக்கு ஏன் ஆறு முனை என்பதற்கு முழு விடையைக் கெப்ளர் காணவில்லை. நூலின் இறுதியில் அக்கேள்வியை வேதியியலாரிடம் விட்டுவிட்டார். அது எனக்குப் பெரிய பாடம். விடை தெரியாத கேள்வியை ஒரு பேரறிஞரே நேர்மையாக அடுத்தவரிடம் ஒப்படைத்திருக்கிறார். நானோ ஒரு பதினொரு வயதுச் சிறுவனை உட்காரச் சொல்லியிருந்தேன்.

உடைந்ததில் கிடைத்த உண்மை

பின்னர் வந்தோர் ஒவ்வொரு படியாக முன்னேறினர். 1665-இல் இராபர்ட் ஹூக் தம் நுண்ணோக்கி நூலில், படிகாரம் போன்றவற்றின் வடிவங்களைச் சிறு உருண்டைகளின் அடுக்காக வரைந்து காட்டினார். 1669-இல் டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ, குவார்ட்ஸ் படிகம் பெரிதாயினும் சிறிதாயினும் அதன் ஒத்த முகங்களுக்கு இடையிலான கோணம் மாறுவதில்லை என்று கண்டார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் ரெனே ஜுஸ்ட் ஆவுயி என்னும் பாதிரியார் ஆசிரியராகப் பணியாற்றினார். நண்பர் வீட்டில் கால்சைட் படிகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது கைதவறி விழுந்து உடைந்தது என்று சொல்லப்படுகிறது. உடைந்த துண்டுகள் கண்டபடி சிதறவில்லை. எல்லாமே சாய்சதுர முகங்களைக் கொண்ட ஒரே வகைக் கட்டிகளாக இருந்தன. வீட்டுக்குச் சென்று தம்மிடமிருந்த மற்ற படிகங்களையும் உடைத்துப் பார்த்தார். செங்கற்களால் சுவர் எழுவதுபோல, ஒரே வடிவச் சிறு கட்டிகள் அடுக்கப்பட்டே படிகம் உருவாகிறது என்று 1784-இல் நூலாக வெளியிட்டார்.

ஆயினும் அந்தச் செங்கல்லை எவரும் பார்த்ததில்லை. அதற்கு 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஜெர்மனியின் மியூனிக் நகரில் மேக்ஸ் வான் லாவேயின் யோசனைப்படி, இரு இளம் ஆய்வாளர்கள் மயில்துத்தப் படிகம் ஒன்றின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினர். பின்னால் வைத்த படத்தகட்டில் புள்ளிகள் ஒழுங்காகப் பதிந்தன. உள்ளே ஒழுங்கான அடுக்கு இல்லையேல் அத்தகைய புள்ளிகள் தோன்றா. அடுத்த ஆண்டே பிராக் என்னும் குடும்பப் பெயருடைய தந்தையும் மகனும் இங்கிலாந்தில் அப்புள்ளிகளைப் படித்து, அணுக்கள் நிற்கும் இடங்களைக் கணக்கிட்டனர். 1915-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றபோது மகன் இலாரன்சுக்கு வயது 25. இயற்பியலில் அவ்வளவு இளம் வயதில் அப்பரிசைப் பெற்றவர் இன்றுவரை வேறு எவருமில்லை.

அவர்கள் முதலில் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, நம் அடுப்பங்கரையில் இருக்கும் உப்பு. அதில் சோடியமும் குளோரினும் மாறிமாறி நிற்கின்றன. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின். ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். இது இன்னாருடைய இணை என்று பிரித்துச் சொல்ல இயலாத கூட்டு வாழ்க்கை அது.

இதை எல்லாரும் ஏற்கவில்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்னும் மூத்த வேதியியலார் 1927-இல் ‘நேச்சர்’ இதழில் கடுமையாக எதிர்த்து எழுதினார். உப்பு சதுரங்கப் பலகை போல் அமைந்திருக்கிறதாம் என்று எள்ளினார். இதில் ஆசிரியராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. மாணவர்கள் தாமே கண்டறிந்து கற்க வேண்டும் என்று பள்ளிகளில் இயக்கம் நடத்தியவர் இதே ஆம்ஸ்ட்ராங். அத்தகையவருக்கே, தாம் அறிந்ததற்கு மாறான ஒன்று எதிரே வந்தபோது கதவைத் திறக்க மனம் வரவில்லை.

ஒழுங்கில்லாத திடங்கள்

இதுவரை சொன்னதை என் மாணவர்களுக்கு நான் இப்படி விளக்குவதுண்டு. காலைச் சபைகூடலில் நீங்கள் வரிசையில் நிற்கிறீர்கள். கைகால் அசைகிறது, தலை திரும்புகிறது, ஆனால் இடத்தை விட்டு எவரும் நகர்வதில்லை. அது படிகத் திடம். ஓய்வு நேரச் சிற்றுண்டிச்சாலையில் நெருக்கமாகத்தான் இருக்கிறீர்கள். ஆனால் ஒருவரையொருவர் கடந்து சென்றுகொண்டே இருக்கிறீர்கள். அது திரவம். கடைசி மணி அடித்ததும் வாயிலை நோக்கிப் பறக்கிறீர்களே, அது வாயு.

கண்ணாடி எதில் சேரும்? சிற்றுண்டிச்சாலையில் அனைவரும் நடந்துகொண்டிருக்கும்போது தலைமையாசிரியர் திடீரென்று “அசையாதே!” என்கிறார். அவரவர் நின்ற இடத்திலேயே உறைந்துவிடுகிறார்கள். வரிசை இல்லை, ஆனால் அசைவும் இல்லை. அதுதான் கண்ணாடி.

‘கண்ணாடி உண்மையில் மிக மெதுவாக ஓடும் திரவம், அதனால்தான் பழைய தேவாலயச் சன்னல்கள் அடிப்பகுதியில் தடித்திருக்கின்றன’ என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது தவறு. அக்காலத்தில் உருகிய கண்ணாடியை ஊதிச் சுழற்றித் தட்டாக்கி வெட்டினார்கள். அதனால் தகடு ஒரே சீரான தடிப்பில் அமையவில்லை. பிரேசில் நாட்டு ஆய்வாளர் எட்கர் சனோட்டோ 1998-இல் கணக்கிட்டுக் காட்டினார்: அறை வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியுமளவு ஓடுவதற்கு அண்டத்தின் வயதே போதாது.

உண்மையில் மெதுவாக ஓடுவது கீல். அது தாரைப் போன்ற ஒரு கரும்பொருள். சுத்தியலால் அடித்தால் உடைந்து தெறிக்கும். அதை ஒரு புனலில் வைத்துக் கண்காணிக்கும் ஆய்வை 1927-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தாமஸ் பார்னெல் தொடங்கினார். ஒன்பதாவது துளி 2014-இல்தான் பிரிந்தது. கண்ணுக்குத் திடமாய்த் தெரிவது, காத்திருந்து பார்த்தால் திரவமாகிறது.

நம் மண்ணுக்கு நெருங்கிய சான்று ரப்பர். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளிலிருந்து பரவிய மரம் அது. மங்கில் வடிந்த பால், அமிலம் சேர்த்ததும் கட்டியாகிறது. இங்கே குளிர்வித்தல் எதுவும் இல்லை. பாலில் மிதந்த நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவே. ‘திரவத்தைக் குளிரவைத்தால் திடமாகும்’ என்று மட்டும் கற்பித்தால், பால்மரம் வெட்டிய பாட்டியின் பேரன் குழம்பத்தானே செய்வான்? ரப்பர் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது என்று 1920-இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் சொன்னபோது சக அறிஞர் பலர் நம்பவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சீனிக்கு விடை

அப்படியானால் திடத்தின் இலக்கணம் யாது? இயற்பியலார் கூறுவது எளியது. மேசைமேல் ஓர் அழிப்பானை நிறுத்தி, அதன் மேற்பகுதியை மெல்லப் பக்கவாட்டில் தள்ளுங்கள். சற்றே சாயும், விரலை எடுத்தால் நிமிரும். நீரின் மேற்பரப்பைத் தள்ளினால் அது நகர்ந்துவிடும். பழைய நிலைக்குத் தானே திரும்பாது. பக்கவாட்டுத் தள்ளலை எதிர்த்து நிற்பதே திடத்தின் அடையாளம். நிலையான வடிவம் அதன் விளைவு. அந்த எதிர்ப்பு, அணுக்கள் தம் அண்டை அணுக்களைப் பற்றியிருப்பதால் வருகிறது.

சீனியின் ஒவ்வொரு மணியும் திடமே. உருப்பெருக்கியால் பார்த்தால் தட்டையான முகங்களும் கூரிய விளிம்புகளும் தெரியும். குவளையின் வடிவத்தை எடுப்பது மணிகளின் குவியல். எந்த மணியின் வடிவமும் மாறவில்லை. குவியலும் முழுமையான திரவம் அன்று. நீரைக் கொட்டினால் மட்டமாகப் பரவும். சீனியைக் கொட்டினால் சிறு குன்றாக நிற்கும். மணிகளுக்கிடையே உள்ள உராய்வு ஓரளவு சரிவைத் தாங்கிக்கொள்கிறது.

குவியலின் இயல்பு அறிஞர்களையும் வியக்க வைத்ததுண்டு. கடற்கரையில் ஈர மணலில் கால் வைத்தால், பாதத்தைச் சுற்றிலும் மணல் ஒரு கணம் உலர்ந்ததுபோல் வெளுக்கும். 1885-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் காரணம் கண்டார். நெருங்கியிருந்த மணிகள் நகர வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். அப்போது இடைவெளி பெருகி, மேலிருந்த நீர் உள்ளே இறங்கிவிடுகிறது. அடுத்த விடுமுறையில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குச் சென்றால் பிள்ளைகளோடு செய்து பாருங்கள்.

இவை அனைத்தையும் ஐந்தாம் ஆண்டு மாணவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் உருப்பெருக்கியும் ஒரு கரண்டிச் சீனியும் போதும். “ஒரு மணியை மட்டும் எடுத்துப் பார். அது குவளை வடிவம் எடுக்கிறதா?” என்று திருப்பிக் கேட்டிருந்தால், அவனே விடையைக் கண்டிருப்பான். இப்போது ஒவ்வோர் ஆண்டும் அப்பாடத்தைச் சீனியிலிருந்துதான் தொடங்குகிறேன். “இது திரவம்” என்று சொல்லும் மாணவனுக்காகக் காத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒருவனாவது சொல்லிவிடுகிறான்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் சோதனைத்தாளில் சிவப்புக் குறியைக் கண்டால், “ஏன் பிழையாக எழுதினாய்?” என்று கேட்பதற்கு முன், “எதைப் பார்த்து இப்படி எழுதினாய்?” என்று கேளுங்கள். அன்று அந்த மாணவன் எழுதிய விடை பிழைதான். ஆனால் அவன் சீனியைக் கூர்ந்து பார்த்திருந்தான். நான் புத்தகத்தை மட்டுமே பார்த்திருந்தேன்.