அம்ரிதா ஷெர்கில்

அம்ரிதா ஷெர்கில் (30 ஜனவரி 1913 – 5 டிசம்பர் 1941), மனித முகங்களை வரைந்து பழகி, பிறகு இந்திய நவீன ஓவியத்தின் போக்கையே மாற்றியவர். புடாபெஸ்டில் பிறந்தார். தாய் மரீ அந்துவானெத் ஹங்கேரியப் பாடகி. தந்தை உம்ராவ் சிங் சீக்கியப் பிரபு. சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர், ஒளிப்படம் எடுப்பதில் தீராத ஆசை உள்ளவர். மகளை அவர் எடுத்த படங்கள் ஏராளம். அம்ரிதா தன்னைத்தானே திரும்பத் திரும்ப வரைந்ததில் அந்தக் கேமராவுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

1921இல் குடும்பம் சிம்லாவுக்கு வந்தது. 1924இல் தாயுடன் இத்தாலி சென்று பிளாரன்சில் ஒரு கான்வென்ட் பள்ளியில் சேர்ந்தார். அங்கே நெடுநாள் தங்கவில்லை. 1929இல் பாரிஸ் சென்று நுண்கலைக் கல்லூரியில் லூசியன் சிமோனிடம் பயின்றார். உடன் படித்த போரிஸ் தஸ்லிட்ஸ்கி, தோழி மரி லூயிஸ் ஷாசனி எனச் சுற்றியிருந்தவர்களே அவருடைய மாதிரிகள். 1932இல் தங்கை இந்திராவையும் தோழி தெனீஸையும் வைத்துத் தீட்டிய ‘இளம் பெண்கள்’ மறு ஆண்டு பாரிஸ் சலோனில் தங்கப் பதக்கம் பெற்றது. வயது இருபது.

இந்தியா திரும்பிய பின் முகச்சாயலைப் பிடிக்கும் அக்கறை குறைந்தது. ‘மூன்று பெண்கள்’ (1935) ஓவியத்தில் எவரும் நம்மை நிமிர்ந்து பார்ப்பதில்லை. காத்திருப்பின் சோர்வுதான் மூவருக்கும் பொதுவான முகம். அஜந்தா, எல்லோரா பார்த்துவிட்டுத் தெற்கே வந்தவர், மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் அமர்ந்து பிரதி எடுத்தார். கன்னியாகுமரிவரை போனார். சிம்லா திரும்பி 1937இல் வரைந்த ‘மணமகளின் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ மூன்றும் அந்தப் பயணத்தின் விளைச்சல். கறுத்த மேனியைப் பூசி மெழுகாமல், அதன் நிறத்தையே படத்தின் வலுவாக்கியது இவற்றின் சாதனை. பாரிஸ் பதக்க ஓவியத்தைவிட இவையே உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. நேருவோடு நட்பு இருந்தும் அவரை வரையவில்லை; பிரபலங்களின் முகம் அவரை ஈர்க்கவில்லை போலும்.

1938இல் உறவினரான மருத்துவர் விக்டர் ஏகானை மணந்து, கோரக்பூர் அருகே சராயாவிலும் பின்னர் லாகூரிலும் வாழ்ந்தார். லாகூரில் தனிக் கண்காட்சிக்கு ஆயத்தமான வேளையில், 28ஆம் வயதில் திடீரென இறந்தார்.

அவருடைய படைப்புகள் 1976இல் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லத் தடை உண்டு. பெரும்பகுதி டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் இருப்பதால் ஏலத்துக்கு வருபவை குறைவு. ‘கதைசொல்லி’ 2023இல் 61.8 கோடி ரூபாய்க்கு விலைபோனது.